சயாவைக் கேட்டு வந்த தட்டு

பொறாமையில் ஒரு வசதி உண்டு. விடியற்காலையில் எழுந்திருக்க வேறு எதுவும் தேவையில்லை.

அந்தச் சனிக்கிழமை பொழுது புலர்வதற்கு முன்பே நான் எழுந்து உட்கார்ந்திருந்தேன். மாலையில் காலேஜ் டீமின் இறுதி ஆட்டம். மச்சினன் மேலுள்ள பாசத்தில்தான் எனக்குத் தூக்கம் வரவில்லை என்று என் மனைவி சொர்ணம்மாள் நினைத்துக்கொண்டாள். நான் மறுக்கவில்லை. பதினாறு வருஷத்தில் அவள் என்னைப் பற்றி நல்லதாக நினைத்த சந்தர்ப்பங்கள் குறைவு. கிடைத்ததை விடுவானேன்?

சென்ற வாரம் காஜா மைதீன் டீக்கடையில் நான் செய்த காரியத்தை மறந்தவர்கள் மறந்தபடியே இருந்தால் எனக்கு நல்லது. ஆனால் மறைத்துப் பயனில்லை. சொல்லிவிடுகிறேன்.

மாரிச்சாமியாகிய நான் ரங்கூனில் கார்மைக்கேல் அரிசிக் கம்பெனியின் குமாஸ்தா. பதினோரு வருஷமாகக் கம்பெனி ஃபுட்பால் டீமுக்குச் செக்ரட்டரியும்கூட. பந்துக்குக் காற்றடிப்பது, எலுமிச்சம்பழம் நறுக்குவது, தோற்ற மறுநாள் துரையிடம் காரணம் சொல்வது, இவைதான் அந்தப் பதவி. காரணம் சொல்வதில் நான் கெட்டிக்காரன். அவ்வளவு பழக்கம்.

என் மனைவியின் தம்பி செல்லக்கண்ணு காலேஜ் டீமைப் பழக்குகிற டிரெயினர். கடைசி இடத்தில் கிடந்த பையன்களை மூன்றே வருஷத்தில் இறுதி ஆட்டம் வரை இழுத்து வந்துவிட்டான். அவ்வளவுதான், ஊரிலுள்ள கம்பெனி டீம்களெல்லாம் அவனைச் சுற்ற ஆரம்பித்தன. சீசன் முடியட்டும் என்று காத்திருக்க ஒருவருக்கும் பொறுமையில்லை. முடிந்த பிறகு போனால் வாசலில் ஐந்தாவது ஆளாக நிற்க வேண்டிவரும் என்ற பயம்.

என் துரைக்கும் அந்தப் பயம் வந்தது. "உன் மச்சினனை நம் டீமுக்கு டிரெயினராகக் கொண்டுவா. அவனுக்குக் கெமண்டைன் குவார்ட்டர்ஸில் வீடு தருகிறேன்" என்றார். எந்த வீடு தெரியுமா? வீட்டுக்குள்ளேயே தண்ணீர்க் குழாய் இருக்கிற வீடு. அந்த வீட்டுக்காக நான் ஆறு தடவை விண்ணப்பம் எழுதியிருக்கிறேன். ஆறாவது விண்ணப்பத்தில் கவிதைகூட இருந்தது.

அன்று சாயங்காலமே டீக்கடையில், கப்பல் சரக்கு இறக்கும் துறையான ஜெட்டியில் மேஸ்திரியாயிருக்கும் அப்பாசாமியைப் பிடித்தேன். அவருடைய ஸ்டீமர் கம்பெனிக்கும் ஒரு டீம் உண்டு. அவர்களுக்கும் செல்லக்கண்ணு மேல் ஒரு கண். ஜெட்டியில் கூலியாள் அமர்த்துவதற்கு மேஸ்திரிமார் ஒரு வழக்கம் வைத்திருக்கிறார்கள். வெற்றிலை பாக்குத் தட்டைக் கையில் வாங்கிவிட்டால் அந்த ஆள் வேறு மேஸ்திரியிடம் போகக்கூடாது. போனால் ஜெட்டியில் எவனும் முகம் கொடுக்க மாட்டான்.

"செல்லக்கண்ணைக் கேட்காதீர், ஆட்டம் முடியட்டும் என்பான்" என்று அப்பாசாமியின் காதில் ஓதினேன். "அவன் அக்காவிடம் தட்டைக் கொடும். அவள் வாங்கினால் அவன் தாண்டமாட்டான். சனிக்கிழமை காலையில் வாரும், நான் ஆபீஸில் இருப்பேன்."

அவன் எங்கே போனாலும் சரி, என் கம்பெனிக்கு மட்டும் வரக்கூடாது. அதுதான் என் எண்ணம். இப்படி எழுதிப் பார்க்கும்போது அசிங்கமாகத்தான் இருக்கிறது.

சனிக்கிழமை காலை. பழைய சோறும் முதல் நாள் மீன்குழம்பும்.

"தலையைத் தம்பிக்கு வச்சிருக்கேன். நீங்க வாலை எடுத்துக்குங்க" என்றாள் சொர்ணம்.

"எனக்குத் தலையே கிடையாதா?"

"தலை இருக்கிறவங்க சாப்பிடட்டும்னுதான்."

செல்லக்கண்ணு சிரித்துக்கொண்டே மீன் தலையை இரண்டாகப் பிய்த்துப் பாதியை என் தட்டில் போட்டான். "அத்தான், இன்னிக்கு மைதானத்துக்கு வர்றீங்கல்ல? நீங்க நின்னா எனக்கு ஒரு தெம்பு."

இப்படிப்பட்டவன் மேல் பொறாமைப்படுவது லேசான காரியம் இல்லை. தினம் தினம் பாடுபட வேண்டும். நான் பட்டேன்.

இருவரும் சேர்ந்துதான் படியிறங்கினோம். கீழே மொஹிங்கா என்ற மீன்சாற்றுச் சேமியா விற்கும் டோ மியா அவனைப் பார்த்ததும், "சயா, இன்றைக்கு ஜெயிக்கணும்!" என்று பர்மியில் சத்தம் போட்டாள். தெருமுனையில் இரண்டு பர்மாப் பையன்கள், "சயா! சயா!" என்றார்கள். சயா என்றால் வாத்தியார், பெரியவர், குரு எல்லாம். முப்பது வயசு நிரம்பாதவனுக்கு. அதே டோ மியா என்னைப் பார்த்து, "பாபு, நேற்று வாங்கிய கிண்ணம் எங்கே?" என்றாள்.

சனிக்கிழமை ஆபீஸ் ஒரு மணியோடு முடிந்துவிடும். துரை என் மேஜைப் பக்கம் வந்து, "திங்கட்கிழமை உன் மச்சினன் வருவானல்லவா?" என்றார். "கட்டாயம் துரை" என்றேன். அந்நேரம் அப்பாசாமி என் வீட்டு மாடிப்படி ஏறிக்கொண்டிருப்பார் என்று நினைத்தபோது, வெட்கத்தைச் சொல்கிறேன், உடம்பெல்லாம் இனித்தது.

வீட்டுக்கு வந்தேன். நடுக்கூடத்தில் பெரிய பித்தளைத் தட்டு. வெற்றிலை, பாக்கு, தேங்காய், இரண்டு சீப்பு வாழைப்பழம், கற்கண்டு, சரிகைக் கரை வேஷ்டி. அதன் பக்கத்தில் சொர்ணம் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். அழுகைக்கு நடுவே சிரிப்பும் வந்தது.

"என்ன ஆச்சு?"

"தம்பிக்குப் பொண்ணு குடுக்க வந்துட்டாங்க."

நான் கையிலிருந்த குடையைக் கீழே போட்டேன்.

"யாரு?"

"ஜெட்டி மேஸ்திரி. அவரு மக ஜெயம்மாவை. நீங்க இல்லாத வீடாச்சேன்னு, பாருங்க அந்த மரியாதையை, தன் அக்கா நீலாம்பாளையும் கூட்டிட்டு வந்திருக்காரு. அந்தம்மாதான் தட்டைத் தூக்கிட்டு வந்தாங்க. தலை நிறையப் பூ, நெத்தியில காலணா அகலத்துக்குக் குங்குமம். ரெண்டு கையாலயும் வாங்கிட்டேன்."

"அவங்க பொண்ணுன்னு சொன்னாங்களா?"

"தட்டைக் கையில வாங்குறதுக்கு முன்னாடி யாராவது பேசுவாங்களா? வாங்கி வச்சுட்டு நான்தான் கேட்டேன், ‘நம்ம ஜெயம்மாவுக்குத்தானே’ன்னு. மேஸ்திரி வாயைப் பிளந்துட்டாரு. அந்தம்மா உடனே ‘ஆமாம்மா, ஆமாம்’னாங்க. அப்புறம் அவரும் சிரிச்சாரு."

சிரிக்காமல் என்ன செய்வார்? டிரெயினரை அமர்த்த வந்த இடத்தில் மாப்பிள்ளையும் கிடைத்தால்? ஒரு தட்டுக்கு இரண்டு சரக்கு.

குற்றம் என்னுடையது. ஆண் இல்லாத வீட்டுக்கு ஆண் மட்டும் போகமாட்டார், கூட ஒரு பெண்ணை அழைத்துப் போவார் என்பது எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். சுமங்கலி தூக்கி வரும் தட்டு நம் வீடுகளில் ஒரே காரியத்துக்குத்தான் வரும் என்பதும் தோன்றியிருக்க வேண்டும். சொர்ணம் சொன்னது சரி, எனக்கு மீன் வால்தான்.

"நல்ல சேதிக்கு எதுக்கு அழுகை?" என்றேன்.

சொர்ணம் முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். "அவளுக்கு இடுப்புக்குக் கீழே தொங்குற முடியாம். இங்கிலீஷ் வேற எழுதுவாளாம். மூணே மாசத்துல தம்பி ‘ஜெயம் வச்ச குழம்புதான் குழம்பு’ம்பான். பாத்துக்கிட்டே இருங்க."

அந்தப் பெண்ணை அவள் இன்னும் கண்ணால்கூடப் பார்க்கவில்லை.

அந்நேரம் மாடிப்படியில் காலடி கேட்டது. இரண்டரை மணிக்கு மைதானத்தில் இருக்க வேண்டிய செல்லக்கண்ணு வாசலில் நின்றான். மழையில் நனைந்திருந்தான். கழுத்தில் எப்போதும் தொங்கும் விசிலைக் காணோம்.

"பிரின்சிபால் துரை என்னை வெளியே போகச் சொல்லிட்டாருக்கா."

அவனுக்குத் தெரிந்தது இவ்வளவுதான். பகல் பன்னிரண்டுக்கெல்லாம் ஜெட்டி ஆட்கள், ‘காலேஜ் சயா எங்க தட்டை வாங்கியாச்சு’ என்று டீக்கடை டீக்கடையாகச் சொல்லியிருக்கிறார்கள். பிரின்சிபால் காதுக்கும் போயிற்று. கூப்பிட்டுக் கேட்டார். இவன் இல்லை என்றான். அவர் அப்பாசாமியிடம் பியூனை அனுப்பினார். ‘அவன் அக்காவே ரெண்டு கையால் வாங்கினாள்’ என்று பதில் வந்தது.

"‘இறுதி ஆட்டத்தன்னிக்கு வேற டீமுக்கு வாக்குக் குடுத்தவன், குடுக்கலேன்னு பொய் வேற சொல்றவன், என் டீம் பக்கம் நிக்கக்கூடாது’ன்னுட்டாரு. அந்த மேஸ்திரி எழுதிக் குடுக்கணுமாம், என்மேல அவருக்குப் பாத்தியதை இல்லைன்னு. இல்லேன்னா இன்னிக்கு மட்டுமில்ல, இனிமே காலேஜுக்கே..." என்று சொல்லிக்கொண்டே வந்தவன் தட்டைப் பார்த்தான்.

"அக்கா, இது என்ன?"

"கல்யாணத் தட்டுடா! உனக்குப் பொண்ணு!"

"யாரைக் கேட்டு வாங்கினே?"

"உன்னை வளர்த்தவ யாரைக் கேக்கணும்?"

"அக்கா, எனக்குப் பொண்ணு குடுக்கணும்னு அந்த மேஸ்திரிக்கு என்ன திடீர்னு? இன்னிக்குப் பார்த்து? அத்தான் இல்லாத நேரம் பார்த்து?" அவன் குரல் தணிந்தது. "யாரோ சொல்லிவிட்டிருக்காங்க."

"பொறாமை பிடிச்சவனுங்க. உனக்கு எதிரா ஆடுறானே அந்த டீம்காரன் வேலையாத்தான் இருக்கும்" என்றாள் சொர்ணம். "நாசமாப் போக. அவன் கால் வெளங்காமப் போக."

என் கால்கள் லேசாகக் குறுகுறுத்தன.

வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், ஒருவருக்கும் தெரிந்திருக்காது. டீமில்லாமல், விசில் இல்லாமல், நனைந்த சட்டையோடு அவன் நின்றது என்னைப் போலவே இருந்தது. இத்தனை நாள் நான் ஆசைப்பட்டது அதைத்தான். கிடைத்ததும் ஒரு கணம் திருப்தியாகவும் இருந்தது. அடுத்த கணம் அவன், "பையன்க எட்டு மணியிலேர்ந்து சாப்பிடலை அத்தான். நான் வந்துதான் சாப்பாடு போடணும்னு உட்கார்ந்திருக்கானுங்க" என்றான். அதற்கு மேல் என்னால் முடியவில்லை.

"நான்தான் மாப்ளே."

இருவரும் என்னைப் பார்த்தார்கள்.

"அப்பாசாமியை அனுப்பினது நான்தான். தட்டு பந்தாட்டத்துக்கு. கல்யாணம் உங்க அக்கா சேர்த்தது."

"ஏன் அத்தான்?"

பெரிதாக ஏதாவது சொல்லலாம் என்று பார்த்தேன். வாயில் வந்தது, "குழாய்."

"என்னது?"

"கெமண்டைன் வீடு. உள்ளேயே குழாய். ஆறு விண்ணப்பம் எழுதினவன் நான். நீ ஒரு விசில் ஊதி வாங்கிடுவே. அந்த டீமோட பதினோரு வருஷம் இருந்திருக்கேன், ஒரு பய என்னைச் சயான்னு கூப்பிட்டதில்லை."

சொர்ணம் தன் சாபத்தைத் திரும்பப் பெறுவது எப்படி என்று தெரியாமல் என் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

செல்லக்கண்ணு அடிப்பான் என்று நினைத்தேன். அவன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தான். "உங்க துரை என்கிட்ட நேராவே வந்து கேட்டாரு அத்தான். போன மாசமே. ஆட்டம் முடிஞ்சதும் வர்றேன்னு சொல்லிட்டேன். அதை நம்பாமத்தான் உங்களையும் பிடிச்சிருக்காரு."

"என்கிட்ட சொல்லலியே?"

"சொல்லலை. வெட்கமா இருந்துச்சு. எனக்கும் அந்த வீடு வேணும். நாலு வருஷமா உங்க கூடத்துல படுத்திருக்கேன். ராத்திரி நீங்க ரெண்டு பேரும் உள்ள ஏதாவது சொல்லிச் சிரிப்பீங்க. அப்பளம் பொரிச்சா அக்கா முதல்ல உங்களுக்குத்தான் போடுவா. நீங்க ஒருநாளும் கவனிச்சதில்லை. எனக்குன்னு ஒரு கதவு இருந்தா நல்லா இருக்கும்னு தோணிச்சு."

நான் அவன் மீன் தலையை எண்ணிக்கொண்டிருந்த வருஷங்களில் அவன் என் அப்பளத்தை எண்ணிக்கொண்டிருந்திருக்கிறான்!

சொர்ணம் எழுந்தாள். "ரெண்டு பேரும் போதும். மணி மூணாகுது. வாங்கினவதான் திருப்பிக் குடுக்கணும். கிளம்புங்க. நீ காலேஜ் வாசல்ல போய் நில்லுடா. காயிதத்தோட வர்றோம்."

குதிரை வண்டியில் தட்டை மடியில் வைத்துக்கொண்டு அவள் வந்தாள். வாழைப்பழம் உருண்டுவிடாமல் நான் பிடித்துக்கொண்டேன். வழியெல்லாம் என்னோடு பேசவில்லை. ஒரே ஒரு முறை, "குழாயாம், குழாய்" என்றாள்.

அப்பாசாமி வீடு ஜெட்டிக்குப் பின்னால். விஷயத்தைச் சொன்னதும் நீலாம்பாள் காதைப் பொத்திக்கொண்டார்.

"வாங்கின தட்டைத் திருப்புறதா? பொண்ணு வேண்டாம்னு நாலு தெருவுக்குத் தமுக்கடிக்கிற மாதிரியில்ல ஆகும்? எங்க புள்ளைக்கு என்ன குறை?"

"குறையே இல்லைம்மா. தப்பு என் மேல" என்றாள் சொர்ணம். அவள் அப்படிச் சொல்லி நான் கேட்டதே இல்லை. இதற்கு ஒரு மேஸ்திரி வீடு வரை வர வேண்டியிருந்தது.

அப்பாசாமி என்னை மட்டும் பார்த்தார். "பாபு, ஆள் கொண்டாந்துட்டேன்னு காலையிலேயே எங்க துரைகிட்ட சொல்லிப்புட்டேன். இப்போ இல்லைன்னா என் தலைப்பாகைக்கு என்ன மரியாதை? காயிதம் வேணும்னா தர்றேன். ஆனா திங்கக்கிழமை துரை முன்னால ஒருத்தனை நிறுத்தியாகணும். நீங்க வந்து நில்லுங்க."

"நானா?"

"வேற யாரு இருக்கா? பதினோரு வருஷம் டீம் பக்கத்துலயே இருந்திருக்கீங்க. ஆட்டம் தெரியாட்டிப் போகுது, மேல கோட்டு போட்டிருக்கீங்க, துரைக்கு அது போதும்."

என் வாழ்நாள் ஆசையான டிரெயினர் பதவி, என் கோட்டுக்காக, என் கம்பெனியின் எதிரி டீமில் எனக்குக் கிடைத்தது. சுவர்க் கடிகாரம் நாலேகால் காட்டியது. "சரி" என்றேன்.

"அப்போ காயிதம் நான் எழுதறேன்" என்று உள்ளிருந்து ஒரு குரல் வந்தது.

ஜெயம்மா வந்தாள். முடி இடுப்புக்குக் கீழேதான் தொங்கியது. சொர்ணம் அதைக் கண்ணால் அளந்ததை நான் பார்த்தேன். அந்தப் பெண் உட்கார்ந்து நாலு வரி இங்கிலீஷில் எழுதினாள். அப்பாசாமி தமிழில் கையெழுத்துப் போட்டார். மை காய்வதற்கு ஊதிவிட்டு என்னிடம் நீட்டினாள். பிறகு சொர்ணத்தின் முன்னால் வந்து இரண்டு கைகளையும் நீட்டினாள்.

"தட்டைக் குடுங்க. நான் வாங்கிக்கிறேன்."

"ஜெயம்மா!" என்றார் நீலாம்பாள்.

"நானே திருப்பி வாங்கினா யாரும் என்னை வேண்டாம்னு சொன்னதா ஆகாது, அத்தே." அவளே தட்டை வாங்கிக்கொண்டாள். தட்டிலிருந்த பாக்கு ஒன்றிரண்டு கீழே விழுந்தன. "பந்துக்குக் கொசுறா நான் வரலை. வேணும்னா அவரே வந்து கேக்கட்டும். அப்பாவைக் கேக்க வேண்டாம். என்னைக் கேக்கட்டும்."

இரண்டு நிமிஷம் முன்புதான் நான் கோட்டுக்குக் கொசுறாகப் போகச் சம்மதித்திருந்தேன். எனக்கு அந்த ரோஷம் வரவில்லை.

வண்டியில் ஏறியதும் சொர்ணம், "என்ன அகம்பாவம் பாருங்க" என்றாள். கொஞ்ச தூரம் போனபின், "கண்ணு நல்லாயிருக்கு" என்றாள். சூலே பகோடா என்ற புத்தர் கோயிலைத் தாண்டும்போது என் கையைப் பிடித்தாள்.

"அவ கடைசியாச் சொன்னதைத் தம்பிகிட்ட சொல்லிடாதீங்க."

"ஏன்?"

"சொன்னீங்கன்னா அவன் போய்க் கேட்டுருவான். எனக்கு அவனைத் தெரியாதா?" மழை பெய்துகொண்டிருந்ததால் வண்டியின் படுதாவைச் சரிசெய்வதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

வழியில் காலேஜ் வாசலில் செல்லக்கண்ணை ஏற்றிக்கொண்டோம். அவன் பையன்களுக்குச் சோறு அனுப்பிவிட்டு நனைந்தபடி நின்றிருந்தான். நாங்கள் மைதானம் சேர்ந்தபோது ஆட்டம் தொடங்கிப் பத்து நிமிஷம் ஆகியிருந்தது. காலேஜ் டீம் ஒரு கோல் பின்தங்கியிருந்தது. பிரின்சிபால் குடைக்குக் கீழே கடிதத்தை இரண்டு முறை படித்தார். கோட்டுப் பையிலிருந்து விசிலை எடுத்து அவன் கையில் கொடுத்துவிட்டுத் தன் நாற்காலியைச் சற்று நகர்த்திப் போட்டுக்கொண்டார்.

செல்லக்கண்ணு மைதானத்து எல்லைக்கோட்டருகே போய் நின்றான். கத்தவில்லை, கை வீசவில்லை. சும்மா நின்றான். இடது ஓரத்தில் ஆடும் மவுங் டின் என்ற பையன் திரும்பிப் பார்த்தான். பிறகு ஒவ்வொருவராகப் பதினோரு பேரும் பார்த்துவிட்டார்கள். அதன் பிறகு பந்து அவர்கள் பேச்சைக் கேட்க ஆரம்பித்தது.

நான் கயிற்றுக்கு வெளியே நின்றேன். எதிர்ப் பக்கம் என் துரை நாற்காலியில் இருந்தார். அவருக்கு இருபது அடி தள்ளி அப்பாசாமியும் வந்து நின்றார். இருவரும் பந்தைப் பார்க்கவில்லை. செல்லக்கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கல்யாண வீட்டில் அடுத்த பந்திக்குக் காத்திருப்பவர்கள் இலையைப் பார்ப்பதுபோல்.

பாதி நேரம் வந்தது. வெறுங்காலில் ஆடுகிற பையன்கள் கணுக்காலுக்குத் துணிப்பட்டை சுற்றியிருப்பார்கள். அவை சேற்றில் ஊறி அவிழ்ந்து தொங்கின. செல்லக்கண்ணு மண்டியிட்டான். மவுங் டின்னின் சேற்றுக் காலைத் தூக்கித் தன் தொடைமேல் வைத்து, பழைய பட்டையை உரித்து, வேஷ்டி முனையால் காலைத் துடைத்து, புதுப் பட்டையைச் சுற்றினான். சுற்றும்போதே பர்மியில் மெதுவாக ஏதோ இரண்டு வார்த்தை சொன்னான். பையன் தலையாட்டினான். அடுத்த கால். அடுத்த பையன். பதினோரு பேர், இருபத்திரண்டு கால்கள். ஒவ்வொரு காதுக்கும் தனி வார்த்தை.

என் டீமுக்கு நான் எத்தனை எலுமிச்சம்பழம் நறுக்கியிருப்பேன் என்று தெரியாது. ஒரு பையனுடைய காலையும் தொட்டதில்லை. எவனுக்கு எந்தக் காலில் வலி என்று கேட்டால்கூடச் சொல்லத் தெரியாது. பொறாமைப்படுவது என்றால் இதற்குத்தான் பட்டிருக்க வேண்டும். நான் தண்ணீர்க் குழாய்க்குப் பட்டுக்கொண்டிருந்தேன்.

மறுபாதி தொடங்கியதும் அவன் கயிற்றைத் தூக்கிப் பிடித்து, "அத்தான், உள்ள வாங்க" என்றான். நான் போய்ப் பக்கத்தில் நின்றேன். அவன் கண் பந்தைவிட்டு நகரவில்லை.

"அத்தான்."

"ம்."

"காயிதத்துல கையெழுத்து அழகா இருந்துச்சு. மேஸ்திரி எழுதினதில்லையே?"

"இல்லை. அந்தப் பொண்ணு எழுதினது."

"தட்டைத் திருப்பினதுக்கு ரொம்ப அழுதாளா?"

"அழலை. அவளேதான் கையை நீட்டி வாங்கினா."

"ஏதாவது சொன்னாளா?"

தூரத்தில் எங்கள் குதிரை வண்டி நின்றது. படுதா கொஞ்சம் விலகியிருந்தது. சொல்லாதீங்க என்று பிடித்த கையின் சூடு இன்னும் என் மணிக்கட்டில் இருந்தது. ஆனால் ஒரு வாரத்தில் நான் இவன் விஷயத்தில் செய்யக்கூடியதெல்லாம் செய்து தீர்த்திருந்தேன். இன்னொன்றையும் ஒளித்து வைக்க இடமில்லை.

"பந்துக்குக் கொசுறா வரலைன்னா. வேணும்னா நீயே வந்து கேக்கணுமாம். அவ அப்பாவை இல்லை, அவளை."

அன்று முழுவதும் முதல் முறையாகச் செல்லக்கண்ணு மைதானத்திலிருந்து கண்ணை எடுத்தான். என்னைத் திரும்பிப் பார்த்தான். வாய் கொஞ்சம் திறந்திருந்தது. ஐந்தாம் வகுப்புப் பையன் மாதிரி இருந்தான்.

அந்த நிமிஷத்தில் மைதானம் முழுவதும் இரைந்தது. மவுங் டின் ஓரத்திலிருந்து அடித்த பந்து வலைக்குள் கிடந்தது. பையன்கள், "சயா! சயா!" என்று கத்திக்கொண்டு ஓடிவந்து அவன்மேல் விழுந்தார்கள். மூன்று வருஷமாக எதற்காக உயிரை விட்டானோ அந்தக் கோலை அவன் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு கோல் விழவில்லை. ஒன்றுக்கு ஒன்று, சமன். புதன்கிழமை மறுபடியும் ஆட வேண்டும் என்று அறிவித்தார்கள். சீசன் முடியவில்லை. என் துரையும் அப்பாசாமியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு இரண்டு பக்கத்திலிருந்தும் அவனை நோக்கிச் சேற்றில் நடக்கத் தொடங்கினார்கள். கூட்டத்தில் அவனைக் காணோம். போகும்போது அப்பாசாமி என் கோட்டைத் தொட்டு, "திங்கக்கிழமை, பாபு" என்றார்.

நான் வண்டிக்குத் திரும்பினேன். சொர்ணம் நகர்ந்து இடம் கொடுத்தாள். வண்டி கிளம்பியது.

"சொல்லிட்டீங்க" என்றாள்.

"என்னத்தை?"

"கோல் விழுந்தப்போ எல்லாரும் பந்தைப் பாத்தாங்க. நான் அவனைத்தான் பாத்துக்கிட்டிருந்தேன்."

பதினோரு வருஷம் காரணம் சொல்லியே பழகிய நான், இப்போது வண்டியின் படுதாவைச் சரிசெய்தேன். வண்டி வீட்டுத் தெருவுக்குள் திரும்பியபோது அவளே வண்டிக்காரனைத் தட்டி நிறுத்தச் சொன்னாள்.

"இங்க வேண்டாம். ஜெட்டிப் பக்கம் மேஸ்திரி வீட்டுக்கு விடு" என்றாள். "அவன் நனைஞ்ச சட்டையோடயே அங்க போய் நிப்பான். எனக்கு அவனைத் தெரியும்."